தோளில் ஊதா

பனியன் கம்பெனிக்குப் புதிதாக வந்த அச்சு மைக்குக் கூரையடியில் நிறமே கிடையாது. வெயில் பட்டால்தான் ஊதாவாகும். அச்சடித்த துணிகளைத் துளசிமணி வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துச் சரிபார்ப்பாள். அவளைச் சூப்பர்வைசர் ஆக்கிய நாளிலிருந்து, அச்சு மேசையில் நிற்கும் ரஹமத்தக்கா அவளோடு பேசுவதில்லை. அந்த வேலை தனக்குத்தான் வரும் என்று அக்கா நம்பியிருந்தாள்.

அன்று ஷிப்ட் முடியும் நேரத்தில், ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த துணிக்கட்டுகள் துளசிமணியின் பின்னால் சரிந்தன. யாரோ அவள் தோளைப் பற்றி வெடுக்கென்று இழுத்தார்கள். கட்டுகள் விழுந்து, தூசி அடங்கி, அவள் திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் ஒருவரும் இல்லை.

பஸ் ஸ்டாப்பில் வெயில் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. தாவணியைச் சரிசெய்யத் திரும்பியவள், சந்தன நிற ரவிக்கையின் தோளில் ஐந்து விரல்கள் ஊதாவாகத் தெளிந்து வருவதைப் பார்த்தாள். சற்றுத் தள்ளி ரஹமத்தக்கா வலது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அந்தக் கையக் கொஞ்சம் காட்டுங்க."

"எதுக்கு புள்ளே?"

"சும்மாதான்."

"சும்மா எதுக்குக் காட்டோணும்?" என்று முறைத்த அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூட அந்தக் கையையே தூக்கினாள். உள்ளங்கை முழுக்க ஊதா.

பஸ் வந்தது. எல்லோரும் நிழல் பக்கம் இடம் பிடிக்க முண்டியடித்தார்கள். துளசிமணி வெயில் விழும் சன்னலோரமாக உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு, படியேறி வருகிறவர்களைப் பார்த்திருந்தாள்.