மைக் கொழுவ முதல்

லண்டனில் இருக்கும் மகள் அன்று பின்னேரம் இன்டர்நெட்டில் கதைப்பதாகச் சொல்லியிருந்தாள். அதற்காகவே நேசமலரும் கணவர் நமசிவாயமும் கொழும்பு வெள்ளவத்தைக் கடையொன்றில் ஸ்பீக்கரும் மைக்கும் வாங்கி வந்தார்கள். சண்டையால் வன்னிப் பாதை மூடியிருந்தது. அங்கே நின்ற மகன் குகனைப் பற்றி ஒரு வருடமாக எந்தத் தகவலும் இல்லை.

நமசிவாயம் மேசைக்குக் கீழே குனிந்து, ஸ்பீக்கரின் பச்சை பிளக்கைக் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் கொழுவினார். ஸ்பீக்கர் ‘டொப்’ என்றது. நேசமலர் கை தட்டினாள்.

“வேலை செய்யுது! நான் கதைச்சுப் பாக்கட்டோ?”

“கொஞ்சம் பொறுமப்பா. இன்னும் இன்டர்நெட்டுக்கே டயல் பண்ணேல்லை.”

அவள் பொறுக்கவில்லை. மைக்கை வாயருகே பிடித்தாள்.

“ஹலோ, ஹலோ, கேக்குதோ?”

“ஓம் அம்மா, வடிவாக் கேக்குது.”

அது குகனின் குரல்.

“தம்பி! சாப்பிட்டியே?”

“சாப்பிட்டனான். நீங்கள்தான் நல்லா மெலிஞ்சு போனியள்.”

நமசிவாயம் அவசரமாக எழும்பியதில் தலை மேசையில் இடிபட்டது. அவர் அதைக் கவனிக்கவேயில்லை.

“குகன்! அப்பா கதைக்கிறன்! எங்கையடா நிக்கிறாய்?”

ஸ்பீக்கருக்குள் அவன் சிரித்தான்.

“அப்பா, முதல்ல மைக்கைக் கொழுவுங்கோ. பிளக் உங்கட கையிலயெல்லே கிடக்கு.”

நமசிவாயம் கையை விரித்துப் பார்த்தார். மைக்கின் ரோஸ் நிற பிளக் உள்ளங்கையில் இருந்தது. அவர் திரும்பவும் குனியப் போக, நேசமலர் அவருடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

“கொழுவாதேங்கோ,” என்றாள். “இப்பிடியே கதைப்பம்.”