கொய்யாமர ஆணி

விவாகரத்துக்குப் பிறகு நாலு வருஷம் வழக்காடி, சீர்வரிசையாக வந்த தேக்குக் கட்டிலைத் தன்னுடையது என்று தீர்ப்பு வாங்கியிருந்தாள் சண்பகவல்லி. அந்த நாலு வருஷத்தில் ஒரு கரண்டியைக்கூட அவள் விட்டுக்கொடுத்ததில்லை. கோர்ட் அமீனா பட்டியலோடு அவள் முன்னாள் கணவன் சேர்மராஜின் வீட்டு வாசலில் நின்றார். வண்டிக்காரர்கள் எவ்வளவு தட்டியும் கட்டில் கழலவில்லை. சேர்மராஜ் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அறுத்துருவமாம்மா?" என்றான் வண்டிக்காரன்.

"தள்ளுங்க" என்று சேர்மராஜ் முன்னால் வந்தான். ஐந்து வாடகை வீடு மாறியபோதும் அதைக் கழற்றியது அவர்கள் இருவரும்தான். அவன் கேட்காமலே அவள் தலைமாட்டைப் பிடித்தாள்.

"தூக்கு."

"தூக்கிட்டுத்தான் இருக்கேன்."

"உன் பக்கம் சரியுது பாரு."

முகத்தில் மூச்சுப் படும் தூரம். இருவருமே நிமிரவில்லை. மர ஆணி முனகிக்கொண்டு வெளியே வந்ததும் கட்டில் வெறும் பலகைகளாகப் பிரிந்தது. முதல் வீடு மாறும்போது தொலைந்த ஆணிக்குப் பதிலாக, கொய்யாக் கிளையைச் சீவி அவன் செய்த ஆணி அது. அது இல்லாமல் கட்டில் நிற்காது.

பலகைகள் வண்டியேறின. சேர்மராஜ் ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான்.

"கட்டில் ஒண்ணு. எல்லாம் வந்துட்டாம்மா?" அமீனா பேனாவை நீட்டினார்.

புடைத்திருந்த அந்தப் பையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வந்துட்டு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.