கடலுக்குப் போன போன்

சாருமதி ஓடிவந்து புருஷனின் கையிலிருந்த போனைப் பறித்தாள். ஒரே வீச்சில் கடலுக்குள் எறிந்தாள்.

உடப்புக் கிராமத்துக் கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

இந்துஜன் உடுத்த சாரத்தோடு அலைக்குள் பாய்ந்தான். முங்கினான். மணலைக் கிளறினான். எழும்பி, “என்ட போன்! என்ட போன்!” என்று கத்தினான். வலைக்காரர்கள் கயிற்றை விட்டுவிட்டு வந்து அவனைக் கரைக்கு இழுக்க வேண்டியிருந்தது.

“இவளும் ஒரு பொம்பிளையா?” என்றார் ஒருவர்.

செய்தி அவளுக்கு முந்தியே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மாமியார் இலட்சுமி வாசலிலேயே மறித்தாள்.

“என்னத்துக்கு எறிஞ்ச?”

“அது இந்த வீட்டுக்கு வேணாம் மாமி.”

“வேற பொம்பிளையோட கதைச்சானா?”

“இல்ல.”

“சூது விளையாடினானா?”

“இல்ல.”

“அப்ப உனக்குத்தான் விசர் பிடிச்சிருக்கு.”

சாருமதி ஒதுங்கி உள்ளே போனாள். ஈரச் சாரத்தோடு பின்னால் வந்த இந்துஜனும் தலையைக் குனிந்தபடி உள்ளே போனான்.

அதற்குப் பிறகு ஊரில் அதே கதைதான். குழாயடிக்கு அவள் வந்தால் பேச்சு நின்றது. கடைக்குப் பாண் வாங்கப் போனால், “அக்கா வாறா, போன உள்ள வையுங்கடா” என்று ஒருவன் சொல்ல, கடையே சிரித்தது.

இந்துஜனுக்காக எல்லாரும் இரங்கினார்கள். “பாவம், நல்ல பொடியன். தண்ணி இல்ல, சிகரட் இல்ல. ஒரு போன் வச்சிருந்தது குத்தமா?”

அவன் யாருடைய முகத்தையும் பார்க்காமல் குனிந்தே திரிந்தான். அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீரகத்தி வந்தார். இலட்சுமியின் அண்ணன். அவருடைய வலையில்தான் இந்துஜனுக்கு வேலை. கையில் புத்தம்புது போன் பெட்டி.

“முந்தல் டவுனுக்குப் போய் வாங்கினன். இந்தா மருமகன், பழசைவிட திரை பெரிசு. படம் பாத்தா தியேட்டர் மாதிரி இருக்குமாம்.”

இந்துஜன் பெட்டியையே பார்த்தான்.

“வேணாம் மாமா,” என்று சாருமதி குறுக்கே வந்தாள்.

“உன்ட காசில்ல பிள்ள. நான் ஆசையா வாங்கிக் குடுக்கிறன்.”

“உங்கட ஆசைக்குக் குறை சொல்லல்ல. அதக் கொண்டு போங்க.”

இலட்சுமிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. “என்ட அண்ணனையே எதிர்த்துக் கதைக்கிறியா? எடு உன்ட உடுப்ப! உன்ட அம்மா வீட்டுல போய் இரு. புத்தி வந்தா வா.”

சாருமதி புருஷனைப் பார்த்தாள். அவன் கண் இன்னும் பெட்டியில்தான் இருந்தது. அவள் அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தாள்.

இந்துஜன் பெட்டியைக் கையில் எடுத்தான். கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு மாமாவின் மடியில் திரும்ப வைத்தான்.

“எனக்கு வேணாம் மாமா.”

“என்னடா, பொஞ்சாதிக்கு இவ்வளவு பயமா?”

“போனுக்குத்தான் பயம்.”

“என்ன கதைக்கிற நீ?” என்றாள் இலட்சுமி.

“கெட்ட படம் அம்மா. அதத்தான் பாத்துக்கொண்டிருந்தன். ராவும் பகலும்.”

வீரகத்தி சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். “அதெல்லாம் ஆம்பிளையள் பாக்கிறதுதானே...”

“அப்பிடி நினைச்சுத்தான் நானும் துவங்கினன் மாமா. இப்ப அது இல்லாம நித்திரை வராது. எத்தினை தரம் அழிச்சன்! அழிச்ச கையாலயே திரும்பவும் தேடி எடுத்தன். வலை இழுக்கக்குள்ள தூங்கி விழுந்தன். குடிச்சிட்டு வந்திருக்கன் எண்டு நீங்க ஏசினீங்க. குடிச்சிருந்தாலும் பரவாயில்ல.”

அவன் குரல் இறங்கியது.

“சாருவோட முகம் பாத்துக் கதைச்சு மாசக்கணக்கு. அவள் பக்கத்துல வந்தாலே எரிச்சல். கோயில்ல நிக்கிற பொம்பிளையளக்கூட மனிசரா பாக்க ஏலல்ல மாமா. கண்ணு வேற எதையோ தேடுது. என்னை நினைச்சா எனக்கே அருவருப்பா இருக்கு.”

இலட்சுமி கதிரையில் உட்கார்ந்தாள்.

“நான்தான் முதல்நாள் ராவு அவளைக் கும்பிட்டுக் கேட்டன். அத எங்கயாவது எறிஞ்சிடு, நான் சண்டைக்கு வந்தாலும் விடாத, ஆர் கேட்டாலும் காரணம் சொல்லாத எண்டு. விடிஞ்சதும் எனக்கு மனசு மாறிட்டுது. போன எடுத்துக்கொண்டு கடக்கரைக்கு ஓடிட்டன். அவள்தான் மாறல்ல.”

வீரகத்தி பெட்டியைப் பைக்குள் போட்டார். ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார்.

இலட்சுமி அறைக்குள் வந்தாள். பேக்கில் பாதி உடுப்பு ஏறியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கையாலேயே அலுமாரியில் அடுக்கினாள். கடைசிச் சேலையை மடிக்கும்போது உடைந்து அழுதாள்.

“தெரியாமக் கதைச்சிட்டன் பிள்ள. என்ட மகனக் காப்பாத்தினது நீதான். நீ தெய்வம்.”

சாருமதியும் அழுதாள்.

இலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பக்கத்து வீட்டுப் பக்கமிருந்த ஜன்னலைச் சாத்தினாள். திரும்பி வந்து மருமகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்:

“இது வெளிய போகவேணாம் பிள்ள. ஊர் உன்னத்தானே பொல்லாதவள் எண்டு முடிவு பண்ணியிருக்கு. அது அப்பிடியே இருந்திட்டுப் போகட்டும், என்ன?”