மில்லியா, இஞ்சா

மில்லியா இஞ்சா என்று கேட்டதற்கு, லேத்துக்காரர் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

போல்ட்டுக் கடையில் பேச்சு நின்றது. ஆணி நிறுத்துக்கொண்டிருந்த தராசு ஆடாமல் அந்தரத்தில் நின்றதாகக் கடைக்காரர் பிற்பாடு சொன்னார். கூட்டிச் சொல்கிற ஆள்தான். ஆனால் அன்றைக்கு அவர் அதிகம் கூட்டவில்லை.

ஏனென்றால் லேத்துக்காரர் லேசுப்பட்ட ஆள் கிடையாது. கட்டைவிரல் நகத்தை ஒருதரம் போல்ட்டின் மரையில் ஓட்டினால் போதும், மில்லிமீட்டர் கணக்கா அங்குலக் கணக்கா என்று சொல்லிவிடுவார். பக்கத்துத் தெருவில் போல்ட் விழுந்து உருண்டால், உருளுகிற சத்தத்தை வைத்தே சொல்லுவார். ஒருமுறை அப்படிக் காதைக் கொடுத்துவிட்டு, போல்ட் இஞ்ச், அதில் மாட்டியிருக்கிற நட்டு மில்லி, எந்தப் புண்ணியவான் போட்டானோ என்று தலையிலடித்துக்கொண்டார். ஓடிப்போய்ப் பார்த்தால் அப்படியே இருந்தது. நம்பாதவர்கள் அந்தத் தெருவில் விசாரித்துக்கொள்ளலாம்.

அப்பேர்ப்பட்டவர், சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய போல்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்து, கட்டிலுக்கு இதுபோல ஒன்று வேண்டும், மரைதான் எதுவென்று தெரியவில்லை என்கிறார்.

“என்னண்ணே, உங்களுக்கே மரை கழண்டு போச்சா?”

கடைக்காரர் கேட்டதும் யாரோ சிரித்தார்கள். லேத்துக்காரர் சிரிக்கவில்லை.

கடைக்காரர் ஒரு நட்டை எடுத்துப் போட்டுப் பார்க்கப் போனார். லேத்துக்காரர் சட்டென்று போல்ட்டை உள்ளங்கையால் பொத்தினார்.

“இரு இரு. கட்டில் உங்க அண்ணி பாத்து வாங்கினது. அவளைத்தான் கேக்கணும்.”

கடைக்காரருக்குத் திடீரென்று தராசில் ஏகப்பட்ட வேலை வந்துவிட்டது. அண்ணி, அதாவது லேத்துக்காரர் பெண்டாட்டி, மழைக்கு முன்னால் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனவள், மழை முடிந்தும் திரும்பவில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

தெருவுக்குத் தெரியாதது, கடைசியாக நடந்த பேச்சு.

கட்டில் புரண்டு படுத்தால் கிரீச்சென்று கத்துகிறது, ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஊர் போல்ட்டையெல்லாம் இறுக்குகிறவருக்கு வீட்டுப் போல்ட் கண்ணில் படவில்லை. வார்த்தை தடித்து, ஒரு காலையில் அவர் வாயிலிருந்து அது வந்துவிட்டது. “நீ இஞ்சு, நான் மில்லி. எங்க சேரப் போகுது?”

எட்டு மில்லி போல்ட்டும் இரண்டரை நூல் இஞ்ச் போல்ட்டும் (எட்டு நூல் ஓர் இஞ்ச்) பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. நட்டை மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று சந்தோஷமாக ஏறும். மூன்றாவதில் பிடித்துக்கொள்ளும். முரண்டு பிடித்துத் திருகினால் இரண்டு மரையும் நாசம்.

லேத்துக்காரர் பெண்டாட்டிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அதிலிருந்து அவர் போனைக் கையில் எடுப்பார், பார்ப்பார், வைத்துவிடுவார். வேலைப் பேச்சென்றால் கொட்டும். மற்றப் பேச்சுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இன்றைக்கு வேலைப் பேச்சு இருக்கிறது. கடையில் நின்றபடியே அவளைக் கூப்பிட்டார்.

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“நான்தான். நம்ம கட்டில் போல்ட்டு... மில்லியா, இஞ்சா?”

யாரோ குழாயை மூடினார்கள். லேத்துக்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். உருளுகிற போல்ட்டுக்குக்கூட அவர் அப்படிக் காது கொடுத்ததில்லை.

“ஊருக்கே மரை வெட்டிக் குடுக்கிற ஆளு. என்னைக் கேக்குறீங்களாக்கும்?”

“ம்.”

பிறகு மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சிரிப்போ, சளியோ.

“ரெண்டுலயும் ஒண்ணு வாங்கி வைங்க. நீங்க கைய வைக்காதீங்க. நாளைக்கு நானே வந்து போட்டுப் பாக்குறேன்.”

கடைக்காரர் எதுவும் கேட்காமல் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்.

போகிற வழியில் லேத்துக்காரர் பட்டறைக்குள் நுழைந்து, அந்தப் பழைய போல்ட்டை எந்தத் தகர டப்பாவிலிருந்து பொறுக்கினாரோ அதிலேயே திரும்பப் போட்டார். கட்டிலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அவள் போன அன்றைக்கே கட்டிலின் நான்கு கால் போல்ட்டையும் இறுக்கியிருந்தார். அதற்கப்புறம் அது வாயைத் திறக்கவில்லை. எத்தனை புரண்டாலும் இல்லை. அந்த அமைதியில்தான் அவருக்குத் தூக்கம் போனது.

வீட்டுக்கு வந்தவர், கருவிப் பெட்டிக்குள் பார்க்காமலே கையை விட்டு, சரியாக இஞ்ச் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் நுழைந்தார்.

அவள் வருவதற்குள் ஒரு போல்ட்டாவது தொலைந்து போயிருக்க வேண்டும்.