ஏழடி வாளும் முப்பத்தேழு தழும்புகளும்

போர்வையை விலக்கிய மும்புவா அப்படியே நின்றாள்.

ஏழடி வாள் கண்ணாடிபோலப் பளபளத்தது. முப்பத்தேழு வெட்டுத் தழும்புகளில் ஒன்றைக்கூடக் காணோம்.

"பட்டி வச்சு அடைச்சு, தேய்ச்சு, மூணு கோட்டு அடிச்சிருக்கேன்," என்றான் கணவன் கியாலோ, பல் தேய்த்துக்கொண்டே. "நேத்து பூரா ஷெட்டுல இதான் வேலை. எப்படி?"

கியாலோ நைரோபியில் அடிபட்ட கார்களுக்கு ஒடுக்கெடுத்து பெயின்ட் அடிப்பவன். ஒடுக்கைக் கண்டால் அவன் கை சும்மா இருக்காது.

ஆனால் அவை ஒடுக்குகள் அல்ல. தான் ஆடும் வீடியோ கேமின் நாயகி வைத்திருக்கும் வாளில் எங்கே வெட்டு, எங்கே துரு என்று திரையை நிறுத்தி நிறுத்தி எண்ணி, செருப்புத் தைப்பவர்கள் வாங்கும் ஃபோம் தகட்டில் மும்புவா மூன்று மாதம் செதுக்கியவை. துருவுக்குக் காப்பித்தூள்.

இன்னும் இரண்டு மணி நேரத்தில் கேம் பாத்திரங்களின் வேடப் போட்டி. ஜெயித்தால் ஜோஹன்னஸ்பர்க் போக விமான டிக்கெட். இரண்டு வருடமாக முதல் சுற்றிலேயே வீட்டுக்குத் திரும்பியவள் அவள்.

"பஸ்ல நீயே இதைப் பிடிச்சுக்கோ," என்றாள். "என் கையில குடுத்தா உன் மண்டையிலதான் இறங்கும்."

கண்டக்டர் அதைக் கார் பம்பர் என்று நினைத்தான்.

அரங்கில் ஒரு விதி உண்டு. பொருளுக்குப் பக்கத்தில் கேமிலிருந்து எடுத்த படத்தை வைக்க வேண்டும். நடுவர் இரண்டையும் ஒப்பிடுவார். மும்புவாவின் படத்தில் முப்பத்தேழு தழும்புகளும் பத்திரமாக இருந்தன.

நடுவர் அதியம்போ, போன வருடம் ஒரு பொத்தான் குறைந்ததற்காக ஒருவனை வெளியே அனுப்பியவள். படத்தைப் பார்த்தாள். வாளைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"பெயின்ட் மட்டும் என் வீட்டுக்காரர் வேலை," என்று மும்புவா ஆரம்பித்தாள்.

அதியம்போ அதைக் குறித்துக்கொண்டாள். "படத்தைத் தப்பாக் கொண்டுவந்துட்டியே, தங்கச்சி."

தன் போனில் ஒரு காட்சியைத் தேடி எடுத்து நீட்டினாள். கேமின் கடைசிக் காட்சி. போரெல்லாம் ஓய்ந்தபின், நாயகி தன் வாளை உலையிலிருந்து புதிதாக எடுக்கிறாள். தழும்பு இல்லை, துரு இல்லை. பிடியருகே மெல்லிய நீலக்கோடு ஒன்று.

மும்புவா குனிந்து பார்த்தாள். அவள் வாளிலும் அதே இடத்தில் நீலக்கோடு இருந்தது.

"அறுபது மணி நேர ஆட்டம். காலையிலேருந்து துருப்பிடிச்ச வாளா வந்துட்டிருக்கு. கடைசிவரைக்கும் ஆடுனவ நீ ஒருத்திதான்," என்று சொல்லி இறுதிச் சுற்றுக்கான அட்டையைக் கொடுத்தாள் அதியம்போ.

மும்புவா பாதிகூட ஆடியதில்லை.

கடைசி வரிசையில் கியாலோ சமோசா தின்றுகொண்டிருந்தான். பசை நாற்றம் தாங்கவில்லை என்று மூன்று மாதமாக உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு கால்பந்து பார்ப்பதாகச் சொன்னவன்.

"காலையிலேயே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் மும்புவா.

"எப்படிச் சொல்றது? கேமோட முடிவு உனக்குத் தெரிஞ்சுபோயிடுமே," என்றான் கியாலோ. "நீ இன்னும் கடல் பூதத்தையே தாண்டல."