பெயர் வேண்டாம்

"நோய் இல்லாதவங்க ரத்தம்னு குப்பியில சீட்டு ஒட்டியிருக்கே. ஆனா வெள்ளை அணுக்கள்ல தூங்க வேண்டிய ஜீன் எல்லாம் முழிச்சுக்கிட்டுக் கிருமியோட மல்லுக்கு நிக்குது! நோயாளி ரத்தத்தோட மாத்தி வச்சுட்டியா?" பேராசிரியர் எரிந்து விழுந்தார்.

"மாத்தல சார். திரும்பவும் பார்த்தேன், அதேதான் வருது," என்றாள் ஆய்வு மாணவி.

"அப்ப அந்த ஆளுக்குக் காய்ச்சலா?"

"இல்ல சார், நல்லாத்தான் இருந்தாங்க. அவங்க யாருன்னா..."

"பேரைச் சொல்லாதே! யாரோட ரத்தம்னு தெரிஞ்சா ஆராய்ச்சியே கெட்டுப்போகும்னு தலைபாடா அடிச்சுக்கறேன்ல? அதைத் தூக்கிக் குப்பையில போடு."

அந்த வாரமே அவர் மனைவி காய்ச்சலில் விழுந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் திறந்துகொண்டு மருத்துவர் வெளியே வந்தபோது, மாணவியும் அங்கே நின்றிருந்தாள்.

"கிருமி ரத்தம் முழுக்கப் பரவிடுச்சு சார். எங்களால காப்பாத்த முடியல. முன்னாடியே உங்களுக்கு ஒரு அறிகுறியும் தெரியலையா?"

"ஒண்ணுமே தெரியல டாக்டர்," என்றார் பேராசிரியர்.

மாணவி அவர் அருகே வந்தாள்.

"தெரிஞ்சுது சார். உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அன்னிக்கு, நம்ம ஆராய்ச்சிக்குன்னு மேடமும் சிரிச்சுக்கிட்டே கையை நீட்டினாங்க. குப்பையில போடச் சொன்னது அவங்க ரத்தம்தான்."