இடது பக்கம் இழுக்கும் கார்

"ரெண்டு தடவை மிஷின்ல ஏத்தி எறக்கியாச்சு, இன்னும் வண்டி இடது பக்கமே இழுக்குது. வேலை தெரியலைன்னா கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதானே?"

சுவாமிநாதன் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். அந்த வீல் அலைன்மென்ட் கடையை நடத்தும் தமிழ்மொழி மட்டும் முகம் மாறாமல், "இன்னொரு தடவை பார்த்துடலாம் சார்" என்றாள்.

சுவாமிநாதனுக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. ஏனென்றால் அவர் காரைக் காட்ட வரவில்லை, மருமகளைப் பார்க்க வந்திருந்தார். விழிதியூரில் நிலபுலமும் அரசாங்க பென்ஷனும் உள்ள மனிதர், தரகர் கொடுத்த ஜாதகத்தை மட்டும் நம்பிப் பெண் எடுத்துவிடுவாரா?

முறைப்படி பெண் பார்க்கப் போனால் எந்தப் பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். உண்மைக் குணம் தெரிய வேண்டுமென்றால் யாரென்று சொல்லாமல் போய்ச் சீண்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஜவுளிக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண்ணிடம் இருந்த புடவையையெல்லாம் பிரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் வேண்டாம் என்றார். அவள் பெருமூச்சு விட்டாள், தள்ளிவிட்டார். ஒரு டீச்சரிடம் இல்லாத பேரனுக்கு ஸ்கூலில் இடம் கேட்டு நச்சரித்தார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், அவளும் போனாள்.

இப்படியே துறைமுகத்தில் வேலை பார்க்கும் மகன் ஜெயபிரகாஷுக்கு முன்நெற்றி ஏறிவிட்டது. இரண்டு வீட்டு ஜாதகமும் போட்டோவும் கைமாறிய அன்றைக்கே அவன், "இந்தப் பொண்ணே போதும்ப்பா" என்று சொல்லிவிட்டான். "இதையும் கெடுத்தீங்கன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்று மனைவி அன்னபூரணியும் எச்சரித்திருந்தாள்.

அதனால் இன்று காலை கொல்லையில் குந்தி உட்கார்ந்து, முன்பக்க இடது டயரில் பாதிக் காற்றைத் தானே இறக்கிவிட்டுத்தான் கிளம்பி வந்தார். கார் உள்ளே வந்தவுடனே தமிழ்மொழி அதைக் கண்டுபிடித்துக் காற்றை நிரப்பிவிட்டாள். கார் அதோடு கிட்டத்தட்ட நேராகிவிட்டது, அதற்கப்புறம் இழுத்ததெல்லாம் சுவாமிநாதன்தான்.

அவளிடம் ஒரே ஒரு குறைதான் தெரிந்தது. இவருக்கு முன்னால் வந்த பட்டினச்சேரி மீன்வண்டிக்காரரிடம் பேர், ஊர், போன் நம்பரெல்லாம் கேட்டவள், இவரிடம் "வண்டிக்கு என்ன சார்?" என்று மட்டும்தான் கேட்டாள். கவனம் போதாது என்று மனசுக்குள் ஒரு மார்க்கைக் குறைத்துக்கொண்டார்.

டீ வந்தது. "இந்தக் கிளாஸைப் பார்த்தாலே குமட்டுது" என்று திருப்பி அனுப்பினார். வேறு கிளாஸில் மறுபடி வந்தது.

"பொம்பளைப் புள்ளை கையில வண்டியைக் குடுத்தேனே, என்னைச் சொல்லணும்."

"அலைன்மென்ட் சரியாத்தான் இருக்கு சார். முன்னாடி ரெண்டு சக்கரத்துலயும் வேற வேற டயர் போட்டிருக்கீங்க, அதுல ஒண்ணு மொட்டையாயிடுச்சு. ரெண்டும் ஒரே ஜோடியா இருந்தாத்தான் வண்டி நம்ம சொல்றபடி கேக்கும்."

"அப்ப நாலு டயரையும் என் தலையில கட்டலாம்னு பாக்குற."

"நாலு எதுக்கு சார்? முன்னாடி ரெண்டு போதும். பின்னாடி உள்ளது இன்னும் நல்லா ஓடும்."

ஏமாற்றவும் தெரியவில்லை, ஜோடிப் பொருத்தமும் தெரிந்திருக்கிறது. கையோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம்போல இருந்தது அவருக்கு. முகத்தைச் சிடுசிடுவென்று வைத்துக்கொண்டே இரண்டு டயரையும் மாற்றச் சொன்னார்.

கடைசியாக ஒரு பரீட்சை பாக்கி இருந்தது. டயர் மாட்டி முடித்த தங்கையன், அவளுடைய அப்பா வயதிருக்கும் வேலையாள், காரை வெளியே எடுப்பதற்காகக் கதவைத் திறந்தார்.

"யோவ், அந்த அழுக்குக் கைலியோட என் சீட்டுல உக்காராதே. தள்ளி நில்லு."

தங்கையன் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். தமிழ்மொழி அவரைப் பார்த்தாள், பிறகு சுவாமிநாதனைப் பார்த்தாள். "தங்கையண்ணே, நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க. நான் எடுத்துக்குறேன்" என்றாள். குரல் கொஞ்சமும் ஏறவில்லை.

பைபாஸ் சாலையில் அவளே ஓட்டினாள். ஆளில்லாத இடத்தில் ஸ்டியரிங்கிலிருந்து கையை லேசாக எடுத்துக் காட்டினாள், கார் கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுவாமிநாதன் மனசுக்குள் கல்யாண மண்டபம் தேடிக்கொண்டிருந்தார்.

கடைக்குத் திரும்பியதும் வேஷத்தைக் கலைக்கும் நேரம் வந்தது. இத்தனை பெண்களில் ஒருத்தியிடமும் அவருக்கு இந்தச் சந்தோஷம் வாய்த்ததில்லை.

"நான் யாருன்னு தெரியுமாம்மா?"

"தெரியும் சார், உள்ள வரும்போதே தெரியும். ஜாதகத்தோட குடும்ப போட்டோவும் குடுத்து அனுப்பியிருந்தீங்களே."

சுவாமிநாதன் ஒரு கணம் திகைத்தார், அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். தெரிந்தும் காட்டிக்கொள்ளாமல் இருந்தாளே, அவர் நினைத்ததைவிடக் கெட்டிக்காரி. குறைத்த மார்க்கையும் அப்போதே திருப்பிப் போட்டுவிட்டார்.

"நான் பேசினதையெல்லாம் மனசுல வெச்சுக்காதம்மா. உன் பொறுமையைப் பாக்கத்தான் அப்படி. நீ பாஸ். வர்ற வெள்ளிக்கிழமையே தட்டு மாத்திக்கலாமா?"

தமிழ்மொழி கையைத் துடைத்துக்கொண்டு கார் சாவியை அவரிடம் கொடுத்தாள். தங்கையன் போன பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மரியாதையாகவே சொன்னாள்.

"வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம் சார்."